வாடகை வீட்டை உள்வாடகைக்குக் கொடுத்தல்: யாழ்ப்பாணத்து வாடகைக்காரருக்கான முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலியிலோ கொக்குவிலிலோ நல்லூரிலோ ஒரு மேல்மாடியை இரண்டு வருடத்துக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள். ஒரு வருடமும் பத்து மாதமும் எஞ்சியிருக்கும்போது வவுனியாவுக்கோ கொழும்புக்கோ இடமாற்றம் வந்துவிடுகிறது. அல்லது மூன்று அறைகளில் ஒன்று சும்மா கிடக்கிறது, வாடகையோ கையை மீறிப் போகிறது. இந்த இரண்டு நிலைமைகளிலும் முதலில் தோன்றும் எண்ணம், வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ இன்னொருவருக்குக் கொடுத்து அவரிடமிருந்து வாடகை பெறலாம் என்பதுதான். அந்த எண்ணத்தில் தவறில்லை. ஆனால் அதைச் செயற்படுத்தும் கணத்திலிருந்து நீங்கள் வீட்டுக்காரருக்கு வாடகைக்காரராகவும், உள்ளே வருபவருக்கு வீட்டுக்காரராகவும் ஆகிவிடுகிறீர்கள். உள்வாடகைக்காரர் வாடகை தராவிட்டாலும் மாத முடிவில் உங்கள் வாடகை கட்டப்பட வேண்டும். அவர் குளியலறைக் கதவை உடைத்தால் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். இந்த வழிகாட்டியில் வரும் படிகள் அனைத்தும் இந்த ஒரு நிலைமையைக் கருத்திற் கொண்டே எழுதப்பட்டவை.

முதலாம் படி: எதைக் கொடுக்கிறீர்கள் என்பதைத் தெளிவாக்குதல்

எங்கள் பேச்சில் எல்லாமே 'ஆளை இருத்துதல்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, வாடகை வீட்டின் ஒரு பகுதி உள்வாடகைக்குக் கொடுக்கப்பட்டதாகக் கொள்ளப்பட வேண்டுமானால், அந்தப் பகுதி தனியாகப் பிரித்தறியக்கூடியதாக இருக்க வேண்டும். வாடகை கொடுத்து ஒருவர் அதைத் தனக்கு மட்டுமாக அனுபவிக்க வேண்டும். கொடுத்தவர் அதன் மீதான தனது கட்டுப்பாட்டைக் கைவிட்டிருக்க வேண்டும். ஓர் அறையைப் பாவிக்க அனுமதித்த காரணத்தால் மட்டும் ஒருவர் உள்வாடகைக்காரர் ஆகிவிடுவதில்லை. ஆகவே, பல்கலைக்கழக மாணவி ஒருவருக்கு அறையும் சாப்பாடும் கொடுத்து, அதே குசினியையும் அதே வாசலையும் நீங்களும் பாவித்துக்கொண்டிருந்தால், அது பெரும்பாலும் 'போடிங்' என்ற வகைக்குள் வரும். மேல்மாடிக்குத் தனிப்படி, தனிப்பூட்டு, தனிக் குசினி என்று பிரித்துக் கொடுத்து, அங்கே நீங்கள் கால் வைப்பதையே நிறுத்திவிட்டால் அது உள்வாடகை. முழு வீட்டையும் ஒப்படைத்துவிட்டு நீங்கள் வேறு ஊருக்குப் போவதும் உள்வாடகைதான்.

இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு 'எங்களுடையது போடிங்தானே, வீட்டுக்காரரிடம் கேட்கத் தேவையில்லை' என்று முடிவெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது பிழையான முடிவு என்பது என் உறுதியான கருத்து. உங்கள் ஒப்பந்தத்தில் 'குடும்பத்தினர் மாத்திரம் வசிக்க' என்று ஒரு வரி இருந்தால், போடிங் ஆளை வைத்திருப்பதும் ஒப்பந்த மீறலாகலாம். ஒப்பந்தத்தில் எதுவும் எழுதப்படாவிட்டாலும், வீட்டுக்காரர் உங்களையும் உங்கள் குடும்பத்தையும் பார்த்துத்தான் வீட்டைத் தந்தார்.

இரண்டாம் படி: உங்கள் கையில் உள்ள பத்திரத்தை வாசித்தல்

வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, மேசையில் விரித்து, வரிக்கு வரி வாசியுங்கள். மூன்று விடயங்களைத் தேட வேண்டும். உள்வாடகை பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது, உங்கள் காலம் எந்தத் திகதியில் முடிகிறது, விலகுவதற்கு எத்தனை மாத முன்னறிவித்தல் தேவை. முன்னறிவித்தல் பற்றிய வரி உங்களுக்கு உள்வாடகையே தேவையில்லை என்று காட்டவும் கூடும். இரண்டு மாத அறிவித்தலுடன் விலகலாம் என்று எழுதியிருந்தால், எஞ்சிய முற்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வீட்டை ஒப்படைத்துவிடுவது, வேறு ஊரில் இருந்துகொண்டு இங்கேயுள்ள வீட்டுக்குப் பொறுப்பாக இருப்பதை விட எத்தனையோ மடங்கு நிம்மதியானது.

அந்தப் பத்திரம் எப்படி எழுதப்பட்டது என்பதையும் பாருங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை செல்லுபடியாவதற்கு, அது எழுத்தில், பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் கையொப்பமிடப்பட வேண்டும். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகள் முத்திரை ஒட்டிய வெற்றுத்தாளில், இரு தரப்பும் கையெழுத்து வைத்து, 'இரண்டு வருடம்' என்று எழுதப்பட்டு வாடகைக்குப் போகின்றன. அந்தத் தாள், பணம் எவ்வளவு கைமாறியது என்பதற்குப் பயன்படலாம். இரண்டு வருடக் குத்தகையாக அது நிற்காது. வாடகை மாதாமாதம் கட்டிக் குடியிருக்கும் காரணத்தால் உங்கள் நிலை மாத வாடகைக்காரரின் நிலையாகவே இருக்கும். உங்களிடம் மாத உரிமை மட்டும் இருக்கும்போது இன்னொருவருக்கு ஒரு வருட உறுதி கொடுக்க உங்களால் இயலாது.

வாடகைச் சட்டத்தைப் பற்றி இன்னொரு சொல். அச்சட்டம் பொருந்தும் வீடுகளில், வீட்டுக்காரரின் எழுத்துமூலமான முன்சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்குக் கொடுத்தால், வாடகைக்காரரையும் உள்வாடகைக்காரரையும் சேர்த்து வெளியேற்றுமாறு வீட்டுக்காரர் வழக்குத் தொடரலாம். 1980ஆம் ஆண்டின் 55ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பிறகு பல வீடுகள் இச்சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு வெளியே போயின. அண்மைக் காலத்தில் கட்டப்பட்ட மாடி வீடுகளுக்கு உங்கள் ஒப்பந்தமும் பொதுச் சட்டமுமே பெரும்பாலும் வழிகாட்டும். எந்த வகை வீடாக இருந்தாலும் நடைமுறையில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எழுத்தில் சம்மதம் வாங்குவது.

மூன்றாம் படி: சம்மதத்தைச் சரியானவரிடம் வாங்குதல்

இதிலே நான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இதிலே நானே தவறு செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் கொக்குவிலில் நான் குடியிருந்த வீட்டின் பின்பகுதியை, என்னோடு வேலை செய்த ஒருவருக்கு ஆறு மாதத்துக்குக் கொடுத்தேன். வீட்டுக்காரர் கனடாவில் இருந்தார். தொலைபேசியில் கேட்டேன், 'அதுக்கென்ன தம்பி, இருக்கட்டும்' என்று மனதாரச் சொன்னார். அவர் சொன்னது அவருடைய தமையனாருக்குத் தெரியாது. அந்தத் தமையனார்தான் வீட்டைப் பார்த்துக்கொள்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேங்காய் பறிக்க ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தவர், கிணற்றடியில் முன்பின் தெரியாத ஒருவர் குளித்துக்கொண்டு நிற்பதைக் கண்டார். அன்று ஒழுங்கை முழுவதும் கேட்கும்படி நடந்த வாக்குவாதத்தில், என் நண்பர் தலை குனிந்து நின்றதுதான் இன்றைக்கும் எனக்கு வருத்தம். அவர் செய்த குற்றம் எதுவும் இல்லை. ஒரு கடிதத்தை எழுதி வாங்காத குற்றம் என்னுடையது.

ஆகவே முதலில், வீட்டின் உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் பெருந்தொகையான வீடுகள் சீதனமாகப் பெண்ணின் பெயரில் எழுதப்பட்டவை. உங்களிடம் வாடகை வாங்குபவர் கணவராகவோ தகப்பனாராகவோ இருக்கலாம். தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்துக்கு, உட்பட்ட திருமணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கையாள்வதற்குக் கணவரின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. ஒரு பெண்ணின் சொத்தைக் கையாளக் கணவரின் கையொப்பத்தைக் கேட்கும் இந்த விதி நியாயமானதா என்பது வேறு கேள்வி. நியாயமானதல்ல என்றே நான் கருதுகிறேன். ஆனால் சட்டம் மாறும் வரை, மனைவி, கணவர் இருவரின் கையெழுத்தையும் பெறுவதே உங்களுக்குப் பாதுகாப்பு.

உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால், இங்கே பார்த்துக்கொள்பவரிடம் அற்றோணித் தத்துவம் (உரிமையாளர் சார்பில் செயற்பட அதிகாரமளிக்கும் பத்திரம்) இருக்கிறதா, அதிலே வாடகைக்கோ குத்தகைக்கோ கொடுக்கும் அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாடகையை வாங்கி வங்கியில் போடும் பொறுப்பு மட்டும் உள்ள உறவினரின் 'ஓம்' என்ற சொல்லுக்குச் சட்டவலு இல்லை. அதே நேரத்தில், அந்த உறவினரைத் தாண்டி நேரடியாக உரிமையாளரிடம் மட்டும் பேசி முடிப்பதும் மரியாதையல்ல. மேற்சொன்ன ஞாயிற்றுக்கிழமை அதற்குச் சாட்சி. இருவருக்கும் தெரியப்படுத்துங்கள்.

சம்மதக் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால் வீட்டுக்காரருக்கும் இலகு. உதாரணமாக இவ்வாறு எழுதலாம்: 'மேற்படி விலாசத்தில் உள்ள வீட்டின் மேல்மாடியை, தற்போதைய வாடகைக்காரர், இந்தத் திகதி முதல் இந்தத் திகதி வரை, கீழே பெயரும் அடையாள அட்டை இலக்கமும் குறிப்பிடப்பட்ட நபருக்கு உள்வாடகைக்குக் கொடுப்பதற்கு நான் சம்மதிக்கிறேன். வசிப்போர் தொகை மூவருக்கு மேற்படக்கூடாது. எனக்குச் சேர வேண்டிய வாடகைக்கும் வீட்டுக்கு ஏற்படும் சேதத்துக்கும் தற்போதைய வாடகைக்காரரே தொடர்ந்து பொறுப்பாவார்.' கடைசி வசனத்தை நீங்களாகவே எழுதிக் கொடுங்கள். அது எப்படியும் உண்மை. அதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்பவரை வீட்டுக்காரர் நம்புவார். வெளிநாட்டில் உள்ளவர் கையெழுத்திட்ட பிரதியை வட்ஸ்அப்பிலோ வைபரிலோ அனுப்பினால் அதை அச்செடுத்து வைத்துக்கொண்டு, மூலப்பிரதியைத் தபாலில் கேளுங்கள்.

வீட்டுக்காரர் மறுத்தால் அத்துடன் விடயம் முடிந்தது. 'உறவுக்காரப் பிள்ளை, கொஞ்ச நாள் நிற்கிறது' என்று சொல்லி ஆளை இருத்துவது, நீங்கள் சொல்லும் பொய்யை உள்ளே வருபவரும் மாதக்கணக்கில் சொல்லும்படி அவரை நிர்ப்பந்திப்பதாகும்.

தொடர்மாடிக் குடியிருப்பாக இருந்தால் இன்னொரு வாசலையும் தட்ட வேண்டும். மாடிமனைகளின் உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவான கட்டடங்களில் முகாமைத்துவக் கூட்டு ஒன்றும் (கட்டடத்தை நிர்வகிக்கும் அமைப்பு) அதன் விதிகளும் இருக்கும். வாகனத் தரிப்பு, குப்பை, மின்தூக்கி, மாடியில் துணி உலர்த்துதல் பற்றிய விதிகள் உள்வாடகைக்காரருக்கும் பொருந்தும் என்பதால் அவற்றின் பிரதியை அவருக்கும் கொடுத்துவிடுங்கள்.

நான்காம் படி: ஆளைத் தெரிந்தெடுத்தல்

போதனா வைத்தியசாலைக்குப் பயிற்சிக்கு வரும் தாதியர், இளம் வைத்தியர், வங்கி உத்தியோகத்தர், மன்னாரிலிருந்தோ மலையகத்திலிருந்தோ படிக்க வரும் மாணவர் என்று இங்கே அறை தேடுபவர்களுக்குக் குறைவில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு: எங்கே வேலை அல்லது படிப்பு, எவ்வளவு காலம் தங்குவார், எத்தனை பேர், இரவு வேலையா, மோட்டார் சைக்கிள் உண்டா. முன்பு குடியிருந்த இடத்தின் வீட்டுக்காரருடன் ஒரு தடவை தொலைபேசியில் பேசுவதும் நல்லது. அடையாள அட்டையின் பிரதியை வாங்குங்கள். உங்களுடையதையும் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதத்தின் பிரதியையும் அவருக்குக் கொடுங்கள். சம்மதக் கடிதத்தைப் பார்க்கும் உரிமை அவருக்கு இருக்கிறது, அவர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.

மச்சம் சமைப்பது பற்றி வீட்டுக்காரருக்கு நிபந்தனை இருந்தால் அதை முதல் நாளே நேராகச் சொல்லிவிட வேண்டும். வந்து குடியேறி ஒரு மாதத்துக்குப் பிறகு, மீன் பொரித்த மணத்துக்காக ஒருவரைக் குற்றவாளியாக்குவது அநியாயம். ஆனால் 'ஊரிலே எந்தப் பக்கம்?', 'எந்தக் கோயிலடி?' என்று சுற்றிச் சுற்றிக் கேட்டு ஒருவரின் சாதியை அறிய முயலும் பழக்கம் எங்களிடம் இன்னும் போகவில்லை. அந்தக் கேள்விகள் எதற்காகக் கேட்கப்படுகின்றன என்பது கேட்கப்படுபவருக்கு நன்றாகவே தெரியும். வாடகை ஒழுங்காகத் தருவாரா, வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பாரா என்பதற்கு அந்தப் பதிலில் எந்த வெளிச்சமும் இல்லை. தயவுசெய்து கேட்காதீர்கள்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் 25 நாட்களுக்கும் புலம்பெயர்ந்தோர் வந்து நிறைவதால், சில வாடகைக்காரர் வீட்டை நாள் வாடகைக்கு விடத் துணிகிறார்கள். அது வேறு தொழில். சுற்றுலாப் பயணிகளுக்குத் தங்குமிடம் கொடுப்பதற்கு இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவு வேண்டும். வதிவதற்காக எடுத்த வீட்டில் அதைச் செய்ய வீட்டுக்காரரின் சாதாரண உள்வாடகைச் சம்மதம் போதாது.

ஐந்தாம் படி: பணக் கணக்கு

நீங்கள் முழு வீட்டுக்கும் 45,000 ரூபா கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று அறைகளில் ஒன்றையும் தனிக் குளியலறையையும் கொடுக்கிறீர்கள் என்றால் 15,000 ரூபா நியாயமான தொடக்கம். உங்கள் தளபாடங்களைப் பாவிக்கக் கொடுத்தால் சற்றுக் கூட்டலாம். வீட்டுக்காரருக்குக் கட்டும் தொகையை விடக் கூடுதலாக உள்வாடகையில் எடுத்து இலாபம் பார்ப்பதை நான் எவருக்கும் சிபாரிசு செய்வதில்லை. அது வீட்டுக்காரருக்கு ஒருநாள் தெரியவரும், தெரியும் அன்று அவர் தந்த சம்மதமும் கசந்துவிடும்.

இங்கே பல வீட்டுக்காரர்கள் ஆறு மாதத்தையோ ஒரு வருடத்தையோ முற்பணமாகக் கேட்கிறார்கள். அதே சுமையை உள்வாடகைக்காரர் மீது இறக்க வேண்டாம். ஒன்று அல்லது இரண்டு மாத வாடகை போதும். அந்தப் பணத்தை ஒரு தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டுத் தொடாமல் வைத்திருங்கள். அவர் போகும் நாளில் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 'வீட்டுக்காரர் எனக்குத் தந்தால் உங்களுக்குத் தருகிறேன்' என்று சொல்வது ஏமாற்றுக்குச் சமம். வாங்கும் வாடகை உங்கள் வருமானம் என்பதால் வருமான வரிக் கணக்குக் கொடுப்பவர்கள் அதையும் காட்ட வேண்டும்.

மின்சாரக் கட்டணந்தான் மிகக் கூடுதலான மனக்கசப்பை உண்டாக்கும் விடயம், அதற்குக் காரணமும் உண்டு. வீட்டுப் பாவனைக்கான கட்டணம் அலகுப் படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டது; மாதம் 60 அலகுக்கு உட்பட்ட வீட்டுக்கு ஒரு வீதம், 60ஐத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடிய வீதம், 90, 120, 180 என்று ஏற ஏற அலகின் விலையும் நிலையான கட்டணமும் ஏறுகின்றன. தனியாக 50 அலகு பாவிக்கும் இரண்டு குடும்பங்கள் ஒரே மீற்றரில் சேர்ந்தால் 100 அலகு ஆகிவிடும். எவரும் கூடுதலாகப் பாவிக்காமலே பட்டியல் இரட்டிப்பை விடக் கூடும். 'நீங்கள் வந்த பிறகுதான் கூடியது' என்று சொல்வது உண்மையாகவும் அதே நேரத்தில் அநீதியாகவும் இருக்கும். என் அனுபவத்தில் சரிவந்த முறை, உள்வாடகைக்குக் கொடுக்கும் பகுதிக்குத் தேர்ச்சிபெற்ற மின்னியலாளரைக் கொண்டு ஒரு துணை மீற்றர் பூட்டுவது. பின்னர் பட்டியலின் மொத்தத் தொகையை மொத்த அலகால் வகுத்து, வரும் சராசரி விலையை அவரவர் அலகால் பெருக்குவது. இதனால் ஏறிய படிநிலையின் பாரம் பாவனைக்கு ஏற்றபடி இருவருக்கும் பகிரப்படும். துணை மீற்றர் பூட்ட முடியாவிட்டால் ஆட்தொகைப்படி பிரியுங்கள், குளிரூட்டி வைத்திருப்பவருக்கு ஒரு மேலதிகத் தொகையை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். பட்டியலின் படத்தை மாதாமாதம் அனுப்பிவிட்டுப் பணம் கேளுங்கள்.

தண்ணீரில் குழாய்நீர்க் கட்டணம் சிறிய விடயம், கிணறு பெரிய விடயம். வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாட்டில் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே எங்கள் கிணற்று நீர். மலக்குழிக் கழிவும் உரமும் அதற்குள் இறங்குவதால் நைத்திரேற்று கூடிய கிணறுகள் பல இருக்கின்றன. நால்வருக்கென்று கட்டிய மலக்குழியை எண்மர் பாவித்தால் அதன் விளைவு உங்கள் கிணற்றிலும் பக்கத்து வளவுக் கிணற்றிலும் தெரியும். எத்தனை பேரை இருத்தலாம் என்பதை அறைகளின் தொகையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பங்குக் கிணறாக இருந்தால் பங்காளர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மோட்டர் போடும் நேரத்தில் தொடங்கும் சண்டைகள் தலைமுறைக்கும் நீள்வதைப் பார்த்திருக்கிறோம்.

ஆறாம் படி: உள்வாடகை ஒப்பந்தம்

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட நிச்சயமான காலத்தைக் கொடுக்க விரும்பினால், அதற்கு உங்களுக்கும் நொத்தாரிசு உறுதி மூலம் உரிமை இருந்தால், உள்வாடகையையும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதிக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். முத்திரைத் தீர்வையும் நொத்தாரிசுக் கட்டணமும் செலவுதான். முழு வீட்டையும் ஒரு வருடத்துக்குக் கொடுப்பவருக்கு அந்தச் செலவு தகும். ஓர் அறையைக் கொடுப்பவர்கள் மாத வாடகையாக வைத்து, ஒரு மாத முன்னறிவித்தலுடன் எவரும் முடிக்கலாம் என்று எளிய தாளில் எழுதிக்கொள்வது போதும்.

எழுதப்பட வேண்டியவை: இரு தரப்பின் பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர விலாசம், வீட்டின் எந்தப் பகுதி, எதெல்லாம் பொதுப் பாவனை, தொடங்கும் முடியும் திகதிகள், வாடகை, கட்டும் நாள், வங்கிக் கணக்கு, முற்பணமும் அதைத் திருப்பும் நாளும், மின்சாரம், நீர், இணையம் பிரிக்கும் முறை, திருத்த வேலைகளில் யாருக்கு எது, இன்னொருவருக்கு மறுபடியும் கொடுக்கக் கூடாது என்ற தடை, வீட்டுக்காரருடனான உங்கள் தலைமை ஒப்பந்தம் முடிந்தால் இதுவும் முடியும் என்ற வாசகம். முடியும் திகதியை உங்கள் சொந்தத் திகதிக்குக் குறைந்தது இரண்டு வாரம் முந்தி வையுங்கள். வெள்ளை அடிக்கவும், உடைந்ததைத் திருத்தவும், வீட்டுக்காரருடன் நின்று பார்க்கவும் அந்த இரண்டு வாரம் தேவைப்படும்.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு வரியையும் சேருங்கள்: வளவில் நிற்கும் தென்னை, மா, முருங்கை, கறிவேப்பிலையில் யாருக்கு என்ன உரிமை என்பது. பெரும்பாலான வீட்டுக்காரர்கள் தேங்காயையும் மாம்பழத்தையும் தமக்கென்று வைத்துக்கொள்வார்கள். புதிதாக வந்தவருக்கு இது தெரியாது. விழுந்து கிடக்கும் தேங்காயை எடுத்துச் சமைத்தவரைக் கள்ளன் என்று சொல்லும் நிலை வரக்கூடாது.

ஏழாம் படி: ஒப்படைக்கும் நாள்

பகல் வெளிச்சத்தில், இருவரும் சேர்ந்து, கேற்றிலிருந்து தொடங்கி நடந்து பாருங்கள். சுவர், நிலம், யன்னல் கண்ணாடி, கதவுப் பூட்டு, மின்விசிறி, தண்ணீர்த்தாங்கி, மோட்டர், மலசலகூடம் என்று ஒவ்வொன்றையும் படம் எடுத்து, அன்றே அவருக்கும் அனுப்புங்கள். திகதி தானாகவே பதிவாகிவிடும். மின்மீற்றரினதும் நீர்மீற்றரினதும் அன்றைய அளவீடுகளை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். எத்தனை திறப்புக் கொடுத்தீர்கள் என்பதும் அங்கே எழுதப்பட வேண்டும். மோட்டரை எப்படிப் போடுவது, பிரதான மின்னாளி எங்கே இருக்கிறது, காஸ் சிலிண்டரை எப்படி மூடுவது, மாநகரசபையின் குப்பை வண்டி எந்த நாளில் வருகிறது என்பனவற்றை வாயால் சொல்லிவிட்டு ஒரு தாளிலும் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பக்கத்து வீட்டாருக்கு அறிமுகப்படுத்துவதை மறக்க வேண்டாம். ஐந்து நிமிட வேலை அது. புதியவர் இரவில் தாமதித்து வரும்போது ஒழுங்கை நாய்களும் ஒழுங்கைக் கண்களும் அவரை வேற்றாளாகப் பார்க்காமல் இருக்க அது உதவும். கிராம அலுவலருக்கும் தகவல் கொடுத்துவிடுங்கள்.

எட்டாம் படி: இடையில் உள்ள மாதங்கள்

வீட்டுக்காரருக்கு வாடகையை நீங்களே, உங்கள் கணக்கிலிருந்து, வழமையான நாளில் அனுப்புங்கள். உள்வாடகைக்காரர் நேராக வீட்டுக்காரருக்குக் கட்டுவது இலகுவாகத் தோன்றும். ஆனால் சில மாதங்களில் யார் யாருக்கு வாடகைக்காரர் என்பதே குழம்பிவிடும். பெறும் ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டுக் கொடுங்கள்.

ஐப்பசி தொடக்கம் தை வரை, மாரி மழையோடு டெங்கும் வரும். நுளம்பு பெருகும் இடங்களை வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது சிரட்டையிலும் பீலியிலும் நீர் தேங்கி நின்றால் அங்கே இருப்பவரே பதில் சொல்ல வேண்டும். மழைக்கு முன் பீலியைத் துப்புரவாக்குவது யார், கிணற்றுக்கும் தாங்கிக்கும் வலை போடுவது யார் என்று புரட்டாதியிலேயே பேசிவிடுங்கள். மாதம் ஒருமுறை, முன்னறிவித்துவிட்டு, வீட்டை வந்து பாருங்கள். அறிவிக்காமல் திறப்பைப் போட்டுத் திறந்து உள்ளே போகும் உரிமை உங்களுக்கு இல்லை. வேறு ஊரில் இருப்பவர்கள் நம்பிக்கையான ஒருவரை இங்கே ஒழுங்கு செய்து, அவருடைய தொலைபேசி இலக்கத்தை வீட்டுக்காரருக்கும் உள்வாடகைக்காரருக்கும் கொடுக்க வேண்டும்.

பிள்ளையை முதலாம் தரத்துக்குச் சேர்க்கும் காலத்தில் சிலர் வதிவிடச் சான்றுக்காக முந்திய திகதியிட்ட ஒப்பந்தம் கேட்பார்கள். இரக்கம் வரும், தகப்பனின் முகத்தைப் பார்த்தால் மறுக்கவும் கஷ்டமாக இருக்கும். ஆனால் பொய்த் திகதிக்குக் கையெழுத்து வைப்பது, அதே பாடசாலைக்கு உண்மையான பத்திரத்துடன் வரிசையில் நிற்கும் இன்னொரு பிள்ளையின் இடத்தைப் பறிப்பதாகும்.

ஒன்பதாம் படி: பிணக்கு வந்தால்

வாடகை ஒரு மாதம் பிந்தினால் முதலில் நேரில் பேசுங்கள், என்ன நடந்தது என்று கேளுங்கள். இரண்டாம் மாதமும் பிந்தினால் கடிதமாக எழுதி, எந்தத் திகதிக்குள் எவ்வளவு கட்ட வேண்டும் என்று குறிப்பிட்டுக் கொடுங்கள். அதன் பிறகும் தீராவிட்டால் எழுத்தில் விலகல் அறிவித்தல். பணப் பிணக்குகளை மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகலாம்; 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்தச் சபைகளில் சட்டத்தரணி இல்லாமலே பேசித் தீர்க்க வழி இருக்கிறது.

ஒருபோதும் செய்யக் கூடாதது, கோபத்தில் பூட்டை மாற்றுவதும், சாமான்களை விறாந்தையில் தூக்கி வைப்பதும், மின்சாரத்தை நிறுத்துவதும். உடைமையிலிருந்து பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் தொடர்பாக, 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்தில் முறையிடப்படலாம். முறைப்பாட்டுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் அவர் வெளியேற்றப்பட்டிருந்தால் உடைமையை அவருக்கே மீண்டும் கொடுக்குமாறு நீதிமன்றம் கட்டளையிடலாம். பிழை முழுவதும் அவருடையதாக இருந்தாலும், பூட்டை மாற்றிய நாளில் நீங்கள் எதிராளியாக நிற்பீர்கள். குத்தகைக் காலம் முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து இடத்தை மீட்பதற்கு 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் விரைவான நீதிமன்ற நடைமுறையை வகுத்திருக்கிறது. அது உங்கள் பத்திரத்துக்குப் பொருந்துமா என்பதைச் சட்டத்தரணியிடம் காட்டிக் கேளுங்கள். பிணக்கைப் பற்றி வீட்டுக்காரருக்கும் நீங்களே முதலில் சொல்லிவிட வேண்டும்.

பத்தாம் படி: முடித்து ஒப்படைத்தல்

முடியும் திகதிக்கு ஒரு மாதம் முன்னதாக இருவரும் எழுத்தில் அதை உறுதிப்படுத்துங்கள். கடைசி நாளில், ஒப்படைத்த நாளன்று எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு மீண்டும் அதே வழியே நடந்து பாருங்கள். சுவரின் நிறம் மங்குவது, பூட்டு இறுகுவது போன்ற சாதாரணத் தேய்மானத்துக்குப் பணம் கழிக்காதீர்கள்; உடைந்த யன்னலுக்குக் கழித்தால் திருத்தியவரின் பற்றுச்சீட்டைக் காட்டுங்கள். மீற்றர் அளவீட்டை எடுத்து, வரவிருக்கும் பட்டியலுக்கு ஒரு மதிப்புத் தொகையை மட்டும் பிடித்துக்கொண்டு, எஞ்சிய முற்பணத்தை அன்றே வங்கியில் இட்டுவிடுங்கள். பிடித்த தொகையின் மிகுதியை, பட்டியல் வந்தவுடன், அவர் கேட்காமலே அனுப்புங்கள். எண்ணிக் கொடுத்த திறப்புகளை எண்ணி வாங்குங்கள். பிறகு வீட்டுக்காரருக்கோ அவரது ஆளுக்கோ ஒரு கடிதம்: இன்னார் இன்ன திகதியில் வெளியேறிவிட்டார், வீடு இன்ன நிலையில் இருக்கிறது, படங்கள் இணைக்கப்பட்டுள்ளன என்று.